உமணர் வண்டி

உமணர் வண்டி என்பது சங்க காலத்தில் உப்பு வணிகம் செய்த உமணர் தம் குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்த மாட்டு வண்டி. விற்பனைச் சரக்கு, சமையல் பாத்திரம், கோழிக்கூடு, குழந்தைகள் எனக் குடித்தனம் முழுவதையும் ஏற்றிச் சென்றதால் இது வண்டியாகவும் வீடாகவும் இருந்தது. தமிழ் நிலத்தில் சக்கரத்தின் மேல் அமைந்த வீட்டைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான சித்திரம் இந்த வண்டியைப் பற்றியதே. இன்று கேரவன் அல்லது டிரெய்லரில் நிரந்தரமாகக் குடியேற நினைப்பவர் எடையை எது தாங்கும், எது இழுக்கும், வழியில் பழுதானால் என்ன செய்வது, சமையல் எங்கே என்று கேட்டே வாகனத்தைத் தேர்ந்தெடுக்கிறார். உமணரும் இதே கேள்விகளுக்கு விடை கண்டிருந்தனர் என்பதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன.

சொல்லும் தொழிலும்

உமணர் என்பது உப்பு விற்போரைக் குறிக்கும் சொல். அவர்களின் பெண்கள் உமட்டியர் எனப்பட்டனர். வரிசையாகச் செல்லும் உப்பு வண்டித் தொடருக்கு ஒழுகை என்று பெயர். வணிகக் கூட்டம் சாத்து எனப்பட்டது.

நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பு மருதம், முல்லை, குறிஞ்சி நிலங்களுக்குச் சென்றாக வேண்டும். உள்நாட்டில் உப்பு விளையாது, உப்பில்லாமல் வாழவும் முடியாது. கடற்கரையில் நெல் குறைவு. எனவே உப்புக்கு நெல் பண்டமாற்றாக அமைந்தது. நெல்லுக்குச் சம அளவு உப்பு என்று கூவி விற்ற உமணர் பெண்ணை அம்மூவனார் அகநானூற்றில் பாடியிருக்கிறார். கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் இடையே பல நாள் வழி இருந்தது. போன வண்டி நெல்லோடு திரும்ப வேண்டும். ஆண்கள் மட்டும் சென்று திரும்பும் வணிகமாக அல்லாமல் குடும்பமே நகரும் வணிகமாக இது வளர்ந்ததற்கு இந்தத் தொலைவு முக்கியக் காரணம்.

வண்டியின் அமைப்பு

உமணர் வண்டியை மிக விரிவாக விவரிப்பது பெரும்பாணாற்றுப்படை. இதைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்ற பாணன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லும்போது, அவ்வழியில் எதிர்ப்படும் உப்பு வண்டிகளை வருணிக்கிறான்.

அவ்வருணனையின்படி வண்டியின் சக்கரம் உறுதியான வட்டையும் திருத்தமான ஆரக்கால்களும் கொண்டது. நடுப்பகுதி முழு மரத்தில் கடைந்த முழவு போன்றது. வண்டியின் அடிச்சட்டமான பார், கோட்டைக் கதவின் எழுமரத்தை இணைத்தது போலப் பருமனானது. பாரம் தாங்கும் பகுதிகளை முதலில் சொல்லிவிட்டுத்தான் கவிஞர் மேலே செல்கிறார்.

மேற்கூரை ஆரை என்னும் புல்லால் வேயப்பட்டது. அது மலைமேல் படிந்த மழைமேகம் போல் தோன்றியது. உப்பு நனைந்தால் கரைந்துபோகும். பெருமழையில் அழிந்த உப்பு வண்டியைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று உவமையாகவே பயன்படுத்துகிறது. எனவே சரக்கையும் குடும்பத்தையும் சேர்த்துக் காத்தது இந்தக் கூரை.

வண்டியின் முகப்பில் கோழிகள் அடையும் கூடு இருந்தது. தினைப்புனத்தில் யானையை விரட்டக் காவலர் கட்டும் குடிசையோடு இது ஒப்பிடப்படுகிறது. பக்கத்தில் சிறிய உரல் ஒன்று தொங்கியது. பெண்யானையின் முழங்காலைப் போன்ற உரல் அது. பண்டமாற்றாகக் கிடைத்த நெல்லைக் குத்தினால்தான் அரிசி. ஆகவே உரல் இல்லாமல் உமணர் அடுப்பு எரியாது. காடி வைத்த கலம் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கூத்தரின் இசைக்கருவி வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பது போல் அது இருந்தது என்கிறது பாட்டு. புளித்த காடி எளிதில் கெடாது என்பதால் பயணத்துக்கு ஏற்ற உணவு.

வண்டியின் முன்புறம் அமர்ந்து எருதுகளை ஓட்டியவள் குழந்தையுடைய பெண். ஆண்கள் வேப்பிலை மாலை அணிந்து, வண்டித் தொடரின் இருபுறமும் நடந்து காவல் காத்தனர். சரக்கேற்றிய வண்டியில் ஆண்கள் ஏறாததால் எருதுக்குப் பாரம் குறைந்தது, கள்வரிடமிருந்து பாதுகாப்பும் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு நோக்கிக் கூண்டு வண்டிகளில் குடிபெயர்ந்தோரிலும் பலர் வண்டியில் ஏறாமல் அதன் அருகே நடந்தே சென்றனர்.

சேம அச்சு

வண்டியில் முதலில் உடையக்கூடிய பகுதி அச்சு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியை உமணரின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உமணர் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்தனர் என்பது அப்பாடலின் செய்தி. இன்றைய வாகனத்தின் ஸ்டெப்னி செய்யும் வேலையை அன்று செய்தது இந்தச் சேம அச்சு. ஓர் இளவரசனைப் புகழ இந்த உவமை பயன்பட்டது என்பதே, கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பழகிய காட்சி என்பதைச் சொல்கிறது.

எருதின் தேர்வும் அதே அளவுக்கு முக்கியம். புறநானூற்றின் 60ஆம் பாடல், உப்பு வண்டியை இழுத்துச் செல்லும் வலிமையான எருதோடு சோழன் பெருந்திருமாவளவனை ஒப்பிடுகிறது. நடக்க இயலாமல் போன எருதின் நிலை வேறு. முடமான எருதை உமணர் ஆளில்லாத இடத்தில் விட்டுச் சென்றதைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று காட்டுகிறது. ஓர் எருதுக்காக ஒழுகை முழுவதும் நிற்க முடியாது.

பயணமும் தங்கலும்

வண்டிகள் தனித்துச் செல்லவில்லை. பெருங்கயிற்றால் தொடர்புபடுத்தப்பட்டு வரிசையாகச் சென்றன. பாரி இறந்த பின் அவன் மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததைக் கபிலர் பாடியுள்ளார். எண்ணிப் பொழுது போக்கும் அளவுக்குத் தொடர் நீண்டிருந்தது.

தங்கிய இடத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினர். உமணர் விட்டுச் சென்ற கல்லடுப்பில் பின்னால் வந்த மழவர் ஊன் சமைத்ததைக் குடவாயில் கீரத்தனார் பாடுகிறார். இவரது ஊரான குடவாயில், இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல் எனக் கருதப்படுகிறது. உமணர் தங்கிச் சென்றபின் வெறிச்சோடிய இடத்தைப் பாழடைந்த ஊருக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 124ஆம் பாடல். அவர்கள் தங்கியபோது அது ஓர் ஊராகவே இருந்தது என்பது அந்த ஒப்புமையின் உட்பொருள்.

சிறுபாணாற்றுப்படை இன்னொரு காட்சியைத் தருகிறது. வண்டியோடு வந்த மந்தி, உமட்டியரின் பிள்ளைகளோடு கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பை ஆடுகிறது. குழந்தைகள் வளர்ந்ததும் விளையாடியதும் வண்டியை ஒட்டியே என்பதற்கு இது சான்று.

இருப்பினும் உமணர் ஊரே இல்லாதவர் அல்லர். நற்றிணையின் 183ஆம் பாடல் அவர்கள் தம் நாட்டில் விளைந்த நெல்லைக் கொண்டுவந்து, பிற நாட்டு உப்பை வாங்கிச் சுற்றத்தோடு புறப்படுவதைக் கூறுகிறது. தமிழகக் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பு விளைவதில்லை. எனவே மழைக்காலம் ஓரிடத்திலும் வறண்ட மாதங்கள் வண்டியிலுமாக அவர்கள் வாழ்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

நாகப்பட்டினக் கரையும் படகும்

பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய உருத்திரங்கண்ணனாரே காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிய பட்டினப்பாலையையும் பாடியவர். அதில் உப்பு வண்டிக்குப் பதிலாக உப்புப் படகு வருகிறது. உப்பை விற்று நெல்லோடு திரும்பிய பஃறி என்னும் படகுகள், குதிரைகளைப் போலக் கழியில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பண்டமும் மாற்றும் அதே உப்பும் நெல்லும்தான். வாகனம் மட்டும் வேறு. ஆறும் வாய்க்காலும் சேற்று வயலும் நிறைந்த காவிரிக் கழிமுகத்தில் பார வண்டியைவிடப் படகு எளிது. மேட்டு நிலத்திலும் பாலை வழியிலும் வண்டியே வழி. வாகனத்தைத் தீர்மானித்தது நிலம்.

காவிரிப்பூம்பட்டினம் இருந்த பூம்புகார்ப் பகுதி 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பகுதி இன்றும் தமிழகத்தின் முக்கிய உப்பு விளைநிலங்களில் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பாயம் என்னும் உப்பு வரி குறிக்கப்படுகிறது.

வீழ்ச்சி

சங்க கால உமணருக்கும் பிற்கால உப்பு வணிகருக்கும் நேரடித் தொடர்ச்சி நிறுவப்படவில்லை. ஆனால் குடும்பத்தோடு நகர்ந்து உப்பும் தானியமும் விற்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. எருது, கழுதை முதுகில் உப்பு ஏற்றிச் சென்ற உப்புக் குறவர், லம்பாடி ஆகியோர் உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு உப்பைக் கொண்டுசேர்த்தனர்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பளத்திலிருந்து நேரடியாக வாங்கி விற்பது கடினமாயிற்று. அடுத்து ரயில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரையான பாதை 1861–62இல் திறக்கப்பட்டது. ரயில் நிலையம் வரை உப்பும் நெல்லும் மூட்டையாகச் சென்றுவிட, நீண்ட வழியில் குடும்பத்தோடு நகர்ந்தவர்களின் பிழைப்பு சுருங்கியது.

தொழில் போனபின் நகரும் வாழ்க்கை மட்டும் மிஞ்சியது. அது சந்தேகத்துக்கு உரியதாகப் பார்க்கப்பட்டது. 1871இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. பெயரையும் கைரேகையையும் பதிவு செய்வது, அழைக்கும்போது ஆஜராவது, அனுமதியின்றி இடம் விட்டு நகராமலிருப்பது என்பன அதன் விதிகள். உப்பு ஏகபோகமும் ரயிலும் இவர்களது வணிகத்தை அழித்ததற்கும், பின்னர் இவர்கள் குற்றவாளிகளாக முத்திரை குத்தப்பட்டதற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியுள்ளார். ஐரோப்பாவில் வண்டிகளில் வாழ்ந்த ரோமா மக்களும் நிலையான முகவரி இல்லாத காரணத்தால் நெடுங்காலம் சட்டத்தின் கண்காணிப்புக்கு ஆளாயினர்.

1930 ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்தே புறப்பட்ட தொண்டர்கள், ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தனர். ஏப்ரல் 30இல் உப்பு எடுத்துச் சட்டத்தை மீறினர். உப்பு வரி எதிர்ப்பு இவ்வாறு தேசிய வரலாற்றில் இடம்பெற்றது. அதே உப்புச் சட்டத்தால் பிழைப்பை இழந்த நாடோடி வணிகரின் கதை அந்த அளவுக்கு அறியப்படவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952 ஆகஸ்டு 31இல். அதன்கீழ் இருந்த பல சமூகங்கள் தமிழ்நாட்டில் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றனர்.

முக்கியத்துவம்

உமணர் பற்றிய பாடல்கள் வணிக வரலாற்றுக்கும் வண்டித் தொழில்நுட்ப வரலாற்றுக்கும் ஒருங்கே சான்றாகின்றன. சக்கரம், பார், கூரை, மாற்று அச்சு, உரல், காடிக்கலம், கோழிக்கூடு என ஒவ்வொன்றும் தேவை கருதித் தேர்ந்து ஏற்றப்பட்டவை. நகர்ந்து வாழ்ந்தவர்களை வீடற்றவர்களாகவோ குற்றவாளிகளாகவோ இப்பாடல்கள் பார்க்கவில்லை. சோழ மன்னனுக்கு உவமையானது அவர்களின் எருது. அதியமான் மகனுக்கு உவமையானது அவர்களின் சேம அச்சு.