எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு என்ன கொடுக்கிறது?

ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. குட்டிக்கதை வயசு தாண்டிட்டா, ஜெயகாந்தன் இன்னும் எட்டல. தமிழ்ல என்ன வாங்கிக் கொடுக்க?"

இந்தச் சிக்கல் எனக்கும் இருந்துச்சு. நான் அருப்புக்கோட்டையில் வளர்ந்தவன். அம்புலிமாமா முடிஞ்ச கையோட வீட்டுல கிடந்த மாலைமதிக்குப் போயிட்டோம். நடுவுல இருந்தது காமிக்ஸ் மட்டும்தான். 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன், ரெண்டுமே பக்கத்துச் சிவகாசி சரக்கு. தண்ணி இல்லாத கண்மாய்க்கரையில், உடைமரத்து நிழல்ல உக்காந்து இரும்புக்கை மாயாவி படிப்போம். சுகமான படிப்புதான், குறை சொல்லமாட்டேன். ஆனா எங்க கண்மாய் எந்தக் கதையிலயும் வராது.

லயன் வந்த அதே 1984-ல் எழுத ஆரம்பிச்சவர்தான் எஸ். ராமகிருஷ்ணன். ஊர் மல்லாங்கிணறு, இப்போ திருச்சுழி சட்டமன்றத் தொகுதியில் இருக்கு. 1966-ல் பிறந்தவர். அப்போ அவருக்கே பதினெட்டு வயசுதான். 'பழைய தண்டவாளம்' என்கிற முதல் கதை கணையாழியில் வெளிவந்தது.

அவரை உப பாண்டவம், யாமம், விகடன்ல வந்த துணையெழுத்து, தேசாந்திரி வழியாத்தான் நிறையப் பேருக்குத் தெரியும். 2018-ல் சாகித்திய அகாடமி விருது வாங்கிக் கொடுத்தது நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய சஞ்சாரம். இதுக்கு நடுவுல ஏழு தலை நகரம், கிறுகிறு வானம், சிரிக்கும் வகுப்பறைன்னு இளையவங்களுக்கும் எழுதிக்கிட்டே இருந்திருக்கார். பழங்குடிக் கதைகளைத் திரும்பச் சொல்ற கால் முளைத்த கதைகளும் உண்டு. இதையெல்லாம் 'சிறார் நூல்'னு ஒரே அலமாரியில் அடுக்கிடுறாங்க. அகாடமியும் அப்படித்தான். 2010-லிருந்து கொடுக்கிற பால சாகித்திய விருதில் ஒன்பது வயசும் பதினாறு வயசும் ஒரே கணக்கு. ஒன்பது வயசுக்காரனையும் பதினாறு வயசுக்காரனையும் ஒரு வீட்டுல வச்சுப் பாருங்க, ஒரே டிவி சேனல் கூட ஒத்து வராது!

என் கட்சி வேற. பதின்வயசுக்காரங்களுக்கு அவர் எழுதினதிலேயே சிறந்தது பெரியவங்க அலமாரியில் இருக்கு. 2003-ல் வந்த நெடுங்குருதி. வேம்பலைன்னு ஒரு வறண்ட ஊர். களவுக்குப் பேர்போனவங்கன்னு வெள்ளைக்காரன் முத்திரை குத்தின சனம். அந்த ஊர் நமக்கு அறிமுகமாகிறது நாகு என்கிற சிறுவன் கண் வழியா. வெயிலும் பசியும் அப்பாவோட போக்கும் அவனுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. பதிமூணு வயசு இருக்கிற இடமே அதுதானே? அந்த வயசுல எனக்கு இந்தப் புத்தகம் கிடைக்கல. அது அச்சுக்கு வந்தப்போ நான் வேலைக்குப் போய்க்கிட்டிருந்தேன். படிச்சுட்டு முதல்ல வந்தது கோபம்தான், இது எங்கடா இருந்துச்சுன்னு.

பதின் என்றே பேர் வச்சு, பள்ளிக்கூட வயசைப் பற்றித் தனியா ஒரு நாவலும் பின்னாடி எழுதினார்.

அந்த நேயருக்கு: முதல்ல ஏழு தலை நகரம் வாங்குங்க. அது பிடிச்சா பதின். நெடுங்குருதி கோடை, காற்றடி, மழை, பனின்னு காலங்களாப் பிரிஞ்சிருக்கும். கோடைகாலத்தை மட்டும் இப்போ கொடுங்க, மிச்சம் சில வருஷம் காத்திருக்கலாம். மே மாச லீவு சரியா இருக்கும். முடிஞ்சா ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்திடுங்க.