நான்கு பாத்திகளின் கணக்கு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பங்கு காடு. மீதியிலும் மலைச்சரிவு போக, கடல்நீர் ஏறும் பள்ளம் போக, நெல் போட மிஞ்சுவது கொஞ்சம்தான். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு அந்தக் கொஞ்சமும் குறைந்தது. தரை தாழ்ந்ததால், எங்கள் ஊரான கராச்சர்மாவை அடுத்த சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடங்களில் உப்புநீர் வந்து நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில்தான் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1978 ஜூன் 23 அன்று தொடங்கியது அது. இந்தத் தீவுகளில் நெடுங்காலமாகப் பயிரான உயரமான நெல் சி14-8. அதைவிடப் புது ரகம் ஒன்று கூடுதலாக விளைகிறதா என்று பார்க்க ஆயிரம் பாத்தி கட்ட முடியாது. வயல் சோதனைகளில் ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்றோ நான்கோ பாத்தி (ரெப்ளிகேஷன்) வைப்பதுதான் எங்கும் வழக்கம். நான்கு எண்களை வைத்துக்கொண்டு எதையாவது நிச்சயமாகச் சொல்ல முடியுமா? இந்த ஊரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். டி பரவலை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் அது பிறந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கேட்டவர் வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்து, 1899இல் டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லி, மால்ட், அயர்லாந்து வயல்களின் ரகச் சோதனை என்று அவர் கைக்கு வந்த தரவெல்லாம் சிறியவை. அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளந்தவர்களுக்கானது. லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் 1906-07இல் இருந்தபடி காசெட் இதற்கு வழி தேடினார். மூவாயிரம் குற்றவாளிகளின் உயரமும் இடதுகை நடுவிரலின் நீளமும் அளந்த பழைய பட்டியல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அளவுகளை மூவாயிரம் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்தார். 750 கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கே பேர். நம் வயலின் நான்கு பாத்திகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை 1908 மார்ச்சில் ‘பயோமெட்ரிகா’ இதழில் வந்தது. ஆலையின் கட்டுப்பாட்டால் சொந்தப் பெயர் போட முடியாமல் ‘ஸ்டூடன்ட்’ என்று கையெழுத்திட்டார். அதோடு வந்த அட்டவணை, கூறின் அளவு 4 முதல் 10 வரை மட்டும். அதைப் பயன்படுத்த அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று தூக்க மருந்து: பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள், ஒவ்வொருவருக்கும் கூடிய தூக்கத்தின் வித்தியாசம். சராசரி வித்தியாசம் 1.58 மணி நேரம். இரண்டாவது மருந்தே மேல் என்பதற்கு 0.9985 நிகழ்தகவு என்றார் அவர்.

பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்லும் இடம் இது. காசெட்டின் அட்டவணையில் கையில் இருக்கும் விகிதத்தோடு (சராசரியைத் திட்டவிலக்கத்தால் வகுத்தது) நுழைந்தால் நிகழ்தகவு கிடைக்கும். நம் பாடப்புத்தகத்தின் பின்பக்க அட்டவணை நேர்மாறானது. நிகழ்தகவோடு நுழைகிறோம், டி மதிப்போடு வெளியே வருகிறோம். நூற்றுமானம், அதாவது இத்தனை சதவீதம் தனக்குக் கீழே விழும் புள்ளி, காண்பது என்றால் அதுதான். அப்படித் திருப்பிப் போட்டவர் ரொனால்ட் ஃபிஷர்.

ஃபிஷர் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோதே, 1912இல், காசெட்டின் முடிவுக்கு வடிவியல் வழியில் நிரூபணம் எழுதி அவருக்கு அனுப்பியவர். 1919இல் ராத்தம்ஸ்டட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். காசெட் தன் அட்டவணைகளை அவருக்கு அனுப்பிவைத்து, இவற்றைப் பயன்படுத்தப் போகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்ற பொருளில் எழுதினார். 1925இல் ஃபிஷரின் ‘ஸ்டாட்டிஸ்டிகல் மெத்தட்ஸ் ஃபார் ரிசர்ச் ஒர்க்கர்ஸ்’ வெளிவந்தது. அதன் அட்டவணையில் கூறின் அளவுக்குப் பதில் கட்டின்மைக் கூறுகள், அதாவது அளவில் ஒன்று குறைவு. நான்கு பாத்தி என்றால் மூன்று. வரிசைகள் 1 முதல் 30 வரை, கடைசியில் முடிவிலி. மேலே 0.9இல் தொடங்கி 0.05, 0.02, 0.01 வரை சில நிகழ்தகவுகள் மட்டும். பழைய அட்டவணைகளின் பதிப்புரிமை பியர்சன் பக்கம் இருந்ததும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். காரணம் எதுவாயினும் வயலில் நிற்பவனுக்கு அது நன்மையாகவே முடிந்தது. ஒரே பக்கம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு அது வந்த வழியும் வயல் வழிதான். 1929இல் இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடியான பேரரசு வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது; மறுவருடமே அதில் சிறிய புள்ளியியல் பிரிவு ஒன்று ஏற்பட்டது. கல்கத்தாவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ், வேளாண் பணியாளர்களுக்கென்றே எளிமையான குறிப்புகளும் துணை அட்டவணைகளும் எழுதினார். 1937 அக்டோபரில் காசெட் இறந்தார். சில மாதங்களில், 1938 ஜனவரியில், ஃபிஷர் கல்கத்தாவில் முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் இருந்தார். 1940களில் கழகத்தின் அந்தப் புள்ளியியல் பிரிவை வளர்த்தவர் பி.வி. சுகாத்மே. வி.ஜி. பான்சேயோடு சேர்ந்து அவர் எழுதிய நூலைக் கழகம் 1954இல் வெளியிட்டது. ‘பான்சே சுகாத்மே’ என்றால் நாட்டில் எந்த வேளாண் கல்லூரியிலும் தெரியும்.

வரலாறு இருக்கட்டும், கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். எண்கள் நான் பாடத்துக்காக வைப்பவை. நான்கு இடங்களில் புது ரகத்தையும் பழையதையும் அருகருகே போட்டோம். ஹெக்டேருக்கு விளைச்சல் வித்தியாசம் சராசரியாக 0.40 டன், திட்டவிலக்கம் 0.30. நான்கின் வர்க்கமூலம் இரண்டு, ஆகவே திட்டப்பிழை 0.15. தொண்ணூற்றைந்து சதவீத இடைவெளி வேண்டுமென்றால் இரு பக்கமும் இரண்டரை சதவீதம் விட வேண்டும், அதாவது 97.5ஆவது நூற்றுமானம். மனப்பாடம் செய்தவர்கள் இங்கே 1.96 போடுவார்கள். விடை 0.11 முதல் 0.69 வரை, புது ரகம் ஜெயித்துவிட்டது, விதை கொடுக்கலாம். ஆனால் மூன்று கட்டின்மைக் கூறுகளுக்கு அட்டவணை சொல்லும் எண் 3.182. இப்போது இடைவெளி −0.08 முதல் 0.88 வரை. பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது. புது ரகம் மேல் என்று இந்த நான்கு பாத்திகள் நிரூபிக்கவில்லை, இன்னொரு பருவம் போட்டுப் பார்க்க வேண்டும். 1.96க்கும் 3.182க்கும் உள்ள வித்தியாசம் ஏதோ தேர்வு மதிப்பெண் சமாச்சாரம் என்று பிள்ளைகள் நினைப்பது எனக்குப் பொறுக்காது. ஒரு விவசாயி தன் ஒரே வயலில் எந்த விதையைப் போடுவார் என்பது அதில் இருக்கிறது.

வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு.

“டீச்சர், அஞ்சாவது நூற்றுமானம் கேக்குறாங்க. டேபிள்ல அப்படி ஒரு காலமே இல்லையே?”

“தொண்ணூத்தஞ்சாவது இருக்கா பாரு.”

“இருக்கு. மூணுக்கு நேரா 2.353.”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே சரியுது? முன்னாடி மைனஸ் போடு, முடிஞ்சது.”

அதைவிடப் பெரிய குழப்பம் மேல்வரிசையில் இருக்கிறது. ஃபிஷர் பரவலின் இரு ஓரங்களையும், அதாவது இரண்டு வால்களையும், சேர்த்து எண்ணினார். அவருடைய 0.05க்குக் கீழே இருப்பது 97.5ஆவது நூற்றுமானம், 95ஆவது வேண்டுமென்றால் 0.10க்குக் கீழே தேட வேண்டும். பின்னால் வந்த பல பாடநூல்கள் ஒரு வாலை மட்டும் எண்ணின, அவற்றில் 0.05க்குக் கீழேயே 95ஆவது கிடைக்கும். எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் கடைசி வரிசைக்குப் போ என்பேன். முடிவிலிக்கு நேரே 0.05க்குக் கீழே 1.960 இருந்தால் இரண்டு வால், 1.645 இருந்தால் ஒரு வால்.

இப்போது பிள்ளைகள் எக்செல்லில் பார்க்கிறார்கள். அங்கும் அதே இரண்டு வழக்கங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பழைய ‘டிஇன்வ்’ ஃபிஷரைப் போல இரு வாலையும் எண்ணும், அதில் 0.05, 3 என்று கொடுத்தால் 3.182. 2010 பதிப்பில் வந்த, நடுவே புள்ளி வைத்த ‘டி.இன்வ்’ இடப்பக்கத்திலிருந்து எண்ணும், அதே 0.05, 3 கொடுத்தால் −2.353 வரும். 3.182 வேண்டுமென்றால் 0.975 கொடுக்க வேண்டும்.