சூசான் லாங்லென் கேட்ட கூலி

1919-ஆம் வருஷத்து விம்பிள்டன் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஏழு முறை பட்டம் வென்ற டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ், வயது 40. எதிரே 20 வயது பிரெஞ்சுப் பெண் சூசான் லாங்லென். (ஆங்கிலேயர் லெங்லென் என்பார்கள், பிரெஞ்சு உச்சரிப்பு லாங்லென்தான்.) கடைசி செட்டில் இரண்டு முறை ஒரே ஒரு பாயிண்டில் தோற்க இருந்தார். தப்பிப் பிழைத்து 10-8, 4-6, 9-7 என்று ஜெயித்தார். மறு வருஷம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம். ஒற்றையர் ஆட்டங்கள் அத்தனையிலும் சேர்த்து அவர் விட்டது 4 கேம்தான்! விம்பிள்டனை மொத்தம் ஆறு முறை வென்றார்.

அந்தக் காலத்தில் ஆடுகிறவர் காசு வாங்கினால் குற்றம். டிக்கெட் விற்ற சங்கங்களுக்கு அந்த விதி கிடையாது. 1926 பிப்ரவரியில் கான் நகரில் ஹெலன் வில்ஸை அவர் தோற்கடித்தபோது, இடம் கிடைக்காதவர்கள் மரத்திலேறிப் பார்த்தார்கள். வசூல் யாருக்குப் போயிற்று?

அதே வருஷம் விம்பிள்டனில் அரசி மேரி வந்து காத்திருந்த நாளில் இவர் தாமதமாக வந்தார். பத்திரிகைகள் சாடின, பாதியில் விலகினார். பிறகு அமெரிக்கர் சி.சி. பைலிடம் 50,000 டாலருக்கு ஒப்பந்தம். இத்தனை வருஷம் பிறருக்குச் சம்பாதித்துக் கொடுத்தேன், எனக்கு 5,000 டாலர்கூடத் தேறவில்லை என்று எழுதினார். பேராசைக்காரி என்று ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உழைத்தவர் கூலி கேட்டார், அவ்வளவுதான். மேரி பிரவுனோடு ஊர் ஊராக 38 முறை ஆடி 38-லும் ஜெயித்தார்.

1938 ஜூலை 4-இல், 39 வயதில், ரத்தசோகை அவரைக் கொண்டுபோயிற்று. காசு வாங்கி ஆடுவோருக்கு விம்பிள்டன் சாம்பியன்ஷிப் கதவு திறந்தது 1968-இல்.