இராவணன் மேடையேறிய கதை

கடலுக்கும் வாவிக்கும் இடையே நீள்வது மட்டக்களப்பின் எழுவான்கரை. இக்கரையோர ஊர்களுக்கு மாவீரர் கதையைத் தந்தது கூத்து. வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தைச் சுற்றிச் சனம் அமர, மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, வடமோடி மரபுக் கூத்தில் கர்ணனும் அருச்சுனனும் விடியும்வரை பொருதுவர்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கலையை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. பின்னதன் பிரதியை எழுதி இராவணனாகவும் ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. அரக்கனாகக் காட்டப்பட்டவன் இங்கே மானத்துக்காக மடியும் துன்பியல் நாயகனானான். விடியவிடிய நீண்ட ஆட்டம் சில மணி நேரத்துள் ஒடுங்கியது.

இதைக் கூத்தின் மறுபிறப்பு என்றனர் ஒரு சாரார். நாற்புறமும் பார்த்த கலையை ஒருபுறம் பார்க்கும் மேடைக்குள் அடைத்தது பேரிழப்பு என்றனர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் படித்தோர் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அந்த மேடையால்தான்.

2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனை ஊர் மக்களோடு கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கினார். இம்முறை களரி ஊரிலேயே இருந்தது. பெண்களையும், சாதியின் பெயரால் மக்களையும் இழிவுபடுத்திய பகுதிகள் ஊராருடன் பேசித் திருத்தப்பட்டன.