பந்தாட்ட ஆசிரியர் ஒருவர் சரித்திரம்



'வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை' என்று ஆசிரியத் தொழிலை எள்ளுவோர் நம்மிடை உளர். தாம் பெரும்பதவி எய்தாதவர் பிறரை உயர்த்துதல் யாங்ஙனம் கூடும் என்பது அவர்தம் கருத்துப் போலும். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு, ஆங்கில நாட்டில் வாழ்ந்து மறைந்த கால்பந்தாட்ட ஆசிரியர் எரிக் ஹாரிஸன் என்பாரது சரித்திரமே தக்க சான்றாகும்.

இவர் 1938-ஆம் ஆண்டு யார்க்‌ஷயர் நாட்டில் பிறந்தவர். 1957-இல் ஹாலிபாக்ஸ் நகரக் கழகத்திற் சேர்ந்து ஏழாண்டு ஆடினார். பின்னர் ஹார்ட்டில்பூல்ஸ், பாரோ, சவுத்போர்ட் ஆகிய ஊர்களின் கழகங்களில் ஆடினார். அவர் நின்றது ஆடுகளத்தின் நடுவிடம். அக்காலத்தார் அதனை 'ஹாப் பேக்' என்பர். பகைவர் கொணரும் பந்தைத் தடுத்தலும், தடுத்த பந்தை முன்னிற்போர்க்கு ஈதலும் அவ்விடத்தார்க்குரிய கடமை. உழைப்பு மிகுதி, புகழோ சிறிது. அந்நாட்டுக் கழகங்கள் தகுதி நோக்கிப் பல பிரிவுகளாக வகுக்கப்பெற்றவை. ஹாரிஸன் ஆடிய லீக் ஆட்டங்களெல்லாம் கீழ்ப்பட்ட மூன்றாம், நான்காம் பிரிவுகளில் நிகழ்ந்தனவே. முதற் பிரிவில் ஆடும் பேறு அவர்க்கு வாய்த்திலது.

ஆட்டம் விடுத்தபின் எவர்ட்டன் கழகத்தில் பயிற்சியாளராய் அமர்ந்தார். 1981-இல் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தார் அவரை அழைத்துத் தம் இளைஞரைப் பயிற்றும் பொறுப்பை அளித்தனர். அக்கழகம் இளைஞரை வளர்ப்பதிற் பண்டே பெயர் பெற்றது. 1953 முதல் 1957 வரை ஐந்தாண்டும் இடையறாது இளைஞர் கோப்பையை வென்றது. 1964-இல் மீண்டும் வென்றது. அதன்பின் நெடுங்காலம் அவ்வெற்றி கிட்டவில்லை. ஹாரிஸனுடைய மாணாக்கர் 1982-இலும் 1986-இலும் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றனர். 1992-இல் கிறிஸ்டல் பேலஸ் கழகத்தாரை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-3 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கொணர்ந்தனர். இடையே கழிந்தவை 28 ஆண்டுகள். அவற்றுள் 11 ஆண்டு ஹாரிஸனுடைய உழைப்பு. விதைத்த மறுநாளே விளைவு வேண்டுவோர் இதனைக் கருதுவாராக!

அவ்வணியில் டேவிட் பெக்காம், ரயன் கிக்ஸ், நிக்கி பட், கேரி நெவில் என்போர் இருந்தனர். பால் ஸ்கோல்ஸ், பில் நெவில் என்போர் அடுத்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் இடம் பெற்றனர். சால்போர்டிலிருந்த பயிற்சிக்களத்தில், மாடிச் சாளரத்தினின்று ஹாரிஸன் இவர்களை நோக்கியிருப்பார். பிழை கண்டால் கண்ணாடியை ஓங்கி அறைவார். அவ்வொலி கேட்டு இளைஞர் நடுங்குவர். பெக்காம் நெடுந்தூரம் பந்தை உதைத்து வியப்புறுத்த விரும்பியபோது, அவற்றை 'ஹாலிவுட்' உதைகள் என்று இடித்துரைத்தார். சினிமாப் பகட்டு வேண்டா, பயனே வேண்டும் என்பது அதன் கருத்து. நல்லாசிரியனுக்குப் பவணந்தி முனிவர் நன்னூலிற் கூறிய உவமைகளுள் துலாக்கோலும் ஒன்றன்றோ? சிறந்த மாணாக்கன் என்று கருதிக் கோலைச் சாயவிடாமை ஹாரிஸனிடத்து விளங்கிற்று.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இவ்விளைஞர் பலரைக் கொண்டு ஆடிய கழகம் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 எனத் தோற்றது. சிறுவரைக் கொண்டு எதனையும் வெல்லலாகாது என்று தொலைக்காட்சியில் ஆலன் ஹான்ஸன் என்னும் பழைய ஆட்டக்காரர் கூறினார். அவ்வாட்டப் பருவம் 1996 மே மாதம் முடிவுற்றபோது லீக் வெற்றியும் எஃப்.ஏ. கோப்பையும் அக்கழகத்தனவாயின. 1999-இல் அவ்விரண்டோடு ஐரோப்பியக் கோப்பையும் சேர்ந்தது. ஹாரிஸனோ அதற்கு முந்திய ஆண்டே பணியினின்று விலகியிருந்தார்.

எல்லாரும் இவ்வாறு உயர்ந்தாரல்லர். ராபி சாவேஜ் என்பவரை 1994-இல் கழகம் வேண்டாவென விடுத்தது. அவர் குரூ என்னும் சிறு கழகத்திற் சேர்ந்து, பின்னர் வேல்ஸ் நாட்டு அணியிலும் ஆடினார். ஓரிடத்தில் தேறாதவன் எவ்விடத்தும் தேறான் என்று முடிவு கட்டுதல் பேதைமை.

2018-இல் அரசாங்கம் ஹாரிஸனுக்கு எம்.பி.இ. பட்டம் நல்கிற்று. அந்நாளில் அவர் மறதி நோய்க்கு ஆளாகியிருந்தார். 2019 பிப்ரவரியில், தம் 81-ஆம் வயதில் காலமானார். அவர் முதன்முதல் ஆடிய ஹாலிபாக்ஸ் நகரிலேயே இறுதி வழிபாடு நிகழ்ந்தது. உலகறிந்த செல்வராய்விட்ட பெக்காம் முதலிய மாணாக்கரும், தலைமைப் பயிற்சியாளராயிருந்த அலெக்ஸ் பர்கூசனும் அங்கு வந்து வணங்கி நின்றனர். ஆசிரியர் நினைவிழந்தார், மாணாக்கர் அவரை நினைந்தனர்.

பெற்றோர்களே! நும் மக்களின் ஆசிரியர் என்ன பட்டம் பெற்றார், எவ்வளவு பொருள் ஈட்டினார் என்று வினவுதற்கு முன், அவர் தவறு கண்டவிடத்துச் சாளரத்தைத் தட்டுகின்றாரா என்று வினவுமின். தட்டுவாராயின், அவ்வொலியை வெறுக்க வேண்டா. அது நும் மக்களின் நலன் கருதி எழும் ஒலியேயாம்.