வெண்வயிற்றுக் கடற்கழுகு

பொன்னாங்கழுகைக் காண இமயமலைக்குத்தான் போக வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக் கடலோரத்தில் அதற்கு ஈடான பெரிய வேட்டைப்பறவை வெண்வயிற்றுக் கடற்கழுகு. தலையும் வயிறும் தூய வெள்ளை, முதுகும் இறக்கையும் சாம்பல் நிறம், வால் குட்டையான ஆப்பு வடிவம். சிறகை விரித்தால் இரண்டு மீட்டரை எட்டும். பெண் பறவையே பெரியது.

பறவையியலாளர் லாதம் 1781-இல் எழுதிய விவரிப்பைக் கொண்டு 1788-இல் இயற்கையியலாளர் க்மெலின் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1862-இல் வெளிவரத் தொடங்கிய ஜெர்டனின் இந்தியப் பறவைகள் நூலிலும் இதற்கு இடமுண்டு. இந்தியாவில் மும்பைக்குத் தெற்கே மேற்குக் கரையிலும், கிழக்குக் கரை நெடுகவும், அந்தமானிலும் வாழ்கிறது.

பழவேற்காட்டு முகத்துவாரப் பக்கம் இது வேட்டையாடும் விதம் பார்க்கத் தகுந்தது. உயரத்தில் இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி வைத்து வட்டமிடும். பிறகு சரிந்து தாழ வந்து, கால்களை முன்னே நீட்டி, உடம்பு நனையாமல் மீனைக் கொத்தாக அள்ளிக்கொண்டு எழும். கடற்பாம்பும் இதற்கு விருப்பமான இரை. உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் கட்டும் கூட்டுக்கு ஆண்டுதோறும் புதுச் சுள்ளி சேர்த்து அதையே பயன்படுத்தும். பெரும்பாலும் இரண்டு முட்டை. பறக்கும் நிலைக்கு வருவது அநேகமாக ஒரே குஞ்சு. பழுப்பு நிறக் குஞ்சுக்கு முழு வெள்ளை வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு கூடு கலைந்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

பழவேற்காடு ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1971-இல் ராக்கெட் ஏவத் தொடங்கியபின் அங்கே ஆள் நடமாட்டம் கட்டுப்பட்டு, காடு பெரிதும் தப்பியது. ஏரியின் தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமானது. தெற்கே நடந்ததோ வேறு. எண்ணூரில் 1970-இல் அனல்மின் நிலையம், 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் காமராசர் துறைமுகம், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம் என வரிசையாக வந்தன. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் எண்ணெய் பரவியது. மீனை நம்பி வாழும் பறவைக்கு இவை நேரடிக் கேடு. சரணாலய எல்லை ஏரியோடு நிற்கிறது. கழுகின் இரைக்களமோ கழிமுகத்தையும் திறந்த கடலையும் உள்ளடக்கியது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு உயர்ந்தபட்சப் பாதுகாப்பு உண்டு. வேட்டையாடுவதையும், கூட்டையும் முட்டையையும் கலைப்பதையும் அது தடுக்கிறது. ஆனாலும் கூடு கட்டும் பருவத்தில் ஆள் நடமாட்டம் தொடர்ந்தால் தாய்ப்பறவை முட்டையோடு கூட்டைக் கைவிட்டுவிடும்.