தீர்ப்பும் தஞ்சமும்

ஆஸ்திரேலியாவில் மறுக்கப்பட்ட புகலிட விண்ணப்பத்தை ஆராயும் நீதிமன்றம் புகலிடம் அளிப்பதில்லை. மறுத்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்றே பார்க்கிறது. ஆஸ்திரேலியாவின் பிலோயலா ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தின் வரலாற்றில் இதனை நாம் காண்கிறோம்.

2018 மார்ச்சில் அக்குடும்பம் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டது. பெற்றோரின் வழக்குகள் தோற்றன. 2019 ஆகஸ்டில் நாடுகடத்தப் புறப்பட்ட விமானத்தை, இரண்டு வயது இளைய மகளின் பொருட்டுப் பெற்ற இடைக்காலத் தடை டார்வினில் இறங்கச் செய்தது. அவள் தரப்புக்கு அறிவிக்காமலே அவளுடைய நிலை ஆராயப்பட்டது முறையன்று எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. 2021இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

ஆயினும் ஆட்சி மாறிய பின்னரே, 2022 ஜூனில், அவர்கள் ஊர் திரும்பினர். ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. நீதிமன்றம் தந்தது அவகாசம். அந்த அவகாசத்தை வீணாக்காமல் காத்தவர்கள், அவர்களை மறவாத ஊரார். தஞ்சம் கேட்போரை நீதிமன்றத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் ஓய்ந்திருக்கலாகாது.